சில்லுச் சண்டையில் சில்லறை மிச்சம்!

அடக்க விலை, அதன் மேல் கொஞ்சம் லாபம், ஆக மொத்தம் விற்பனை விலை. பி.காம். முதல் வருஷத்தில் இதை போர்டில் எழுதிப் போட்டு, அடியில் ரெண்டு கோடும் இழுப்பார்கள். கத்திரிக்காயிலிருந்து காங்கிரீட் மிக்ஸர் வரை எல்லாமே இந்தக் கணக்குக்குள் ஒருமாதிரி அடங்கிவிடும். அடங்காத சாமான் ஒன்று, உங்கள் மேஜைக்கு அடியில் இரைந்துகொண்டிருக்கும் டப்பாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரின் மூளை என்கிறார்களே, அந்த பிராசஸர்!

அதன் விலையைத் தீர்மானிப்பது அதைச் செய்ய ஆகிற செலவு அல்ல. போட்டிக் கம்பெனி எவ்வளவு பக்கத்தில் ஓடி வருகிறது என்பதுதான். எதிராளியின் மூச்சு பிடரியில் சுட்டால் விலை இறங்கும். எதிராளி கண்ணுக்கெட்டாத தூரத்தில் பின்தங்கிவிட்டால், முன்னால் ஓடுகிறவர் ஓட்டத்தை நிறுத்தி வாக்கிங் போக ஆரம்பித்துவிடுவார். நம்மிடம் வசூல் மட்டும் குறையாது.

மாசாமாசம் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி, சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, அசெம்பிள் பண்ணிக்கொண்டு வருகிற ஆசாமிகளுக்கு இது வெறும் டெக்னிக்கல் சமாசாரம் இல்லை, பர்ஸ் சமாசாரம். அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

முதலில் அந்தச் செலவுக் கணக்கு. சிலிக்கான் தட்டு ஒன்று கிட்டத்தட்ட ஒரு அடி ஸ்கேல் விட்டம். பெரிய ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வரிசையாகச் சில்லுகளை அச்சடித்து, சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கிறார்கள். அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது என்றால், கூடுதலாக ஒரு சில்லு செய்ய ஆகும் செலவு அதன் விலைக்கு முன்னால் சொற்பம். ஆனால் அந்த அடுப்படி இருக்கிறதே... 2021ல் இன்டெல் கம்பெனி அரிசோனாவில் ரெண்டு தொழிற்சாலை கட்டப் போவதாக அறிவித்தபோது சொன்ன தொகை 2,000 கோடி டாலர்! நிலையான செலவு மலை, மாறும் செலவு மடு. இந்த மாதிரி வியாபாரத்தில் ஒரே சில்லை 150 டாலருக்கும் விற்கலாம், 600 டாலருக்கும் விற்கலாம். ரெண்டிலுமே கைநஷ்டம் கிடையாது. எதற்கு விற்பது என்பது எதிர்க்கடையைப் பார்த்துச் செய்கிற முடிவு.

(இங்கே வரும் டாலர் எல்லாம் கம்பெனிகள் வெளியிட்ட பட்டியல் விலை. பழைய நாட்களில் ஆயிரம் உருப்படி மொத்தமாக வாங்கினால் ஒன்றுக்கு இவ்வளவு என்று பட்டியல் போடுவார்கள். அது நம்ம ஊர் கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்வதற்குள் வரி, டீலர் கமிஷன், டாலரின் அன்றைய மூட் என்று பல கைகள் மாறும்.)

இந்தச் சண்டையில் ரெண்டே பேர்தான் முக்கியம். இன்டெல் 1968ல் பிறந்தது, ஏ.எம்.டி. 1969ல். ரெண்டையும் ஆரம்பித்தவர்கள் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். ஆக, இது பங்காளிச் சண்டை. பங்காளிச் சண்டை என்றால் கோர்ட் இல்லாமல் இருக்குமா? அதுவும் உண்டு.

1981ல் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரில் இன்டெல்லின் 8088ஐப் போட்டது. ஆனால் ஐ.பி.எம். உஷார் பேர்வழி. 'ஒரே ஆளிடம் சரக்கு வாங்க மாட்டேன். இதே சில்லை இன்னொருத்தரும் செய்து தர வேண்டும்' என்று நிபந்தனை போட்டது. அப்படி உள்ளே வந்த 'இன்னொருத்தர்'தான் ஏ.எம்.டி. 1982ல் ரெண்டு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 286 வரைக்கும் உறவு ஓடியது. 1985ல் 386 வந்ததும் இன்டெல், 'இது எங்க வீட்டு ஸ்பெஷல். ரெசிபி தர மாட்டோம்' என்று கதவைச் சாத்திவிட்டது.

அடுத்த ஐந்து வருஷத்துக்கும் மேல் 386 வேண்டும் என்றால் இன்டெல் வாசலில்தான் நிற்க வேண்டும். அதைப் பொறுக்காத ஏ.எம்.டி. தானே ஒரு 386ஐ உருவாக்கி 1991 மார்ச்சில் கடைக்குக் கொண்டுவந்தது. இன்டெல்லின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ் ஓடும். இவர்களுடையது 40! விலையும் குறைவு.

இதற்கு இன்டெல் கொடுத்த பதில் இருக்கிறதே, மார்க்கெட்டிங் வகுப்புகளில் பாடமாக வைக்கலாம். அவர்களிடம் 486 என்ற அடுத்த தலைமுறைச் சில்லு ஏற்கெனவே இருந்தது. விலை அதிகம். அதன் விலையைச் சட்டென்று குறைத்தால் பெரிய கம்பெனிகளிடம் கிடைக்கிற கொழுத்த லாபம் போய்விடும். குறைக்காவிட்டால் மற்றவர்கள் எல்லாம் ஏ.எம்.டி. கடைக்குப் போய்விடுவார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா?

486க்குள் ஒரு கணக்குப்பிள்ளை குடியிருந்தார். அதாவது, புள்ளி வைத்த எண்களை மின்னல் வேகத்தில் கணக்குப் போடும் ஒரு தனிப் பகுதி. அந்தக் கணக்குப்பிள்ளையின் கையையும் வாயையும் கட்டி மூலையில் உட்கார வைத்து, '486 எஸ்.எக்ஸ்.' என்று புதுப்பெயர் சூட்டி, 1991 ஏப்ரலில், ஏ.எம்.டி. வந்த அடுத்த மாசமே, மலிவு விலையில் இறக்கினார்கள். ஆரம்பத்தில் வந்த எஸ்.எக்ஸ். சில்லுகளில் கணக்குப்பிள்ளை உள்ளேயேதான் இருந்தார். வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு, அவ்வளவுதான்! இருக்கிற ஒன்றைக் கெடுத்து, கெடுத்ததால் குறைந்த விலைக்கு விற்கிற வித்தை. பாடப்புத்தகத்தில் 'விலைப் பாகுபாடு' என்று ரெண்டு பக்கம் வரும். பரீட்சையில் பத்து மார்க்.

கதை அதோடு முடியவில்லை. 'எனக்குக் கணக்குப்பிள்ளை வேண்டுமே' என்று பிற்பாடு ஆசைப்படுகிறவர்களுக்காக 487 என்று ஒரு துணைச் சில்லு விற்றார்கள். அது துணையும் இல்லை, ஒன்றும் இல்லை. முழுசான இன்னொரு 486! அதைச் செருகினதும் ஏற்கெனவே இருந்த எஸ்.எக்ஸ். படுத்துத் தூங்கிவிடும். வீட்டுச் சமையல்காரருக்கு ஒத்தாசைக்கு ஆள் கேட்டால், புதுசாக ஒரு சமையல்காரரை அனுப்பி, பழையவரைத் திண்ணையில் படுக்கச் சொன்ன மாதிரி. சம்பளம் ரெண்டு பேருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

சிரித்தாலும் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. ஏ.எம்.டி. என்ற ஒருவர் இல்லாவிட்டால் அந்த மலிவு 486ம் நமக்குக் கிடைத்திருக்காது. கணக்குப்பிள்ளையைக் கட்டிப்போடுகிற தேவையே இன்டெல்லுக்கு வந்திருக்காது.

தொண்ணூறுகள் முழுக்க இதே கூத்துதான். நம்பருக்கு டிரேட்மார்க் கிடைக்காது என்று கோர்ட் கையை விரித்ததும், இன்டெல் 1993ல் வந்த சில்லுக்கு 'பென்டியம்' என்று பெயர் வைத்தது. 1995ல் பழைய வழக்குகளில் சமாதானம் ஆனது. 1997ல் ஏ.எம்.டி. 'கே6' கொண்டுவந்து மலிவுக் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் புகுந்தது. அதைத் தடுக்க இன்டெல் 1998 ஏப்ரலில் இறக்கிய முதல் 'செலெரான்' பரிதாபம்! விலையைக் குறைக்க அதன் கேஷ் மெமரியைப் பிடுங்கிவிட்டார்கள். பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ள அலமாரி இல்லாமல், ஒவ்வொரு சாமானுக்கும் பரண் ஏறி இறங்குகிற சமையலறை மாதிரி திணறியது. ஆகஸ்டில் சுதாரித்துக்கொண்டு 'செலெரான் 300ஏ' விட்டார்கள். 128 கிலோபைட் கேஷுடன் விலை 149 டாலர். அதே சமயம் வந்த பென்டியம் 2 - 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர்.

இங்கேதான் பையன்கள் விளையாடினார்கள். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66லிருந்து 100 ஆக மாற்றினால், அந்த 149 டாலர் செலெரான் பெரும்பாலும் சமர்த்தாக 450ல் ஓடியது! உலகம் பூராவும் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் இந்தச் சில்லைத் தேடித் தேடி வாங்கினார்கள். வேகத்துக்கும் விலைக்கும் எவ்வளவு தூரத்து உறவு என்பது அன்றைக்கு வெட்டவெளிச்சம் ஆயிற்று.

2000 மார்ச் 6ல் ஏ.எம்.டி. ஒரு கிகாஹெர்ட்ஸ் 'அத்லான்' அறிவித்தது. விலை 1,299 டாலர். ரெண்டே நாளில், மார்ச் 8ல், இன்டெல்லும் ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அறிவித்தது. விலை 990 டாலர். ஜூனில் ஏ.எம்.டி.யின் அடுத்த ஒரு கிகாஹெர்ட்ஸ் அத்லான் வந்தபோது அதன் விலையும் 990. மூணு மாசத்தில் 309 டாலர் அம்பேல். மண் விலை குறைந்ததா, மின்சாரம் மலிந்ததா? எதிராளி பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் படித்தால் இன்டெல் வில்லன், ஏ.எம்.டி. கதாநாயகன் மாதிரித் தெரியும். அவசரப்படாதீர்கள். 2003லிருந்து மூணு வருஷம் 'அத்லான் 64' கொடிகட்டிப் பறந்தது. இன்டெல்லின் பென்டியம் 4 சூட்டில் தகித்துக்கொண்டிருந்தது. அப்போது ஏ.எம்.டி. என்ன செய்தது? ரெட்டைக் கோர் 'எக்ஸ்2' வரிசையை 2005ல் விட்டபோது தலைப்பிள்ளை 4800+ விலை 1,001 டாலர்! மறு வருஷம் ஜூலையில் இன்டெல் 'கோர் 2 டுவோ'வுடன் திரும்பி வந்தது. 183 டாலரில் ஆரம்பம். அது கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே ஏ.எம்.டி. அலறி அடித்துக்கொண்டு விலையை வெட்டியது. எக்ஸ்2 3800+ 303லிருந்து 152 ஆயிற்று. 5000+ 696லிருந்து 301. ஒரே சில்லு, ஒரே தொழிற்சாலை. வெள்ளிக்கிழமை வாங்கினவன் தலையில் துண்டு, செவ்வாய்க்கிழமை வாங்கினவன் கையில் பாதிப் பணம் மிச்சம். ஆக, ரெண்டு பேருமே நல்லவர்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. வியாபாரிகள்.

போட்டி என்றால் விலைக்குறைப்பு மட்டும் இல்லை. வேறு வழிகளும் உண்டு. 2005ல் ஏ.எம்.டி. அமெரிக்கக் கோர்ட்டில் இன்டெல் மேல் வழக்குப் போட்டது. கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குத் தள்ளுபடி, ஊக்கத்தொகை என்று கொடுத்து எங்களை உள்ளேயே விடுவதில்லை என்பது புகார். ஐரோப்பிய கமிஷனும் விசாரித்தது. 2009 மே மாசம் 106 கோடி யூரோ அபராதம்! அந்த அறிக்கையில் ஒரு தகவலைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஏ.எம்.டி. பத்து லட்சம் பிராசஸர்களை இலவசமாகத் தருகிறோம் என்றது. இலவசமாக! அந்தக் கம்பெனி எடுத்துக்கொண்டது வெறும் ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான். ஏன்? முழுசையும் வாங்கினால், இன்டெல்லிடம் வாங்குகிற மற்ற லட்சக்கணக்கான சில்லுகளுக்குக் கிடைக்கிற தள்ளுபடி கைவிட்டுப் போய்விடும் என்றது கமிஷன். சும்மா கொடுத்தாலும் கட்டுப்படியாகாத வியாபாரத்தை எந்தக் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். இன்டெல் அப்பீல் போனது. 2022ல் ஐரோப்பிய நீதிமன்றம், தள்ளுபடியால் போட்டி பாதிக்கப்பட்டதை கமிஷன் சரியாக நிரூபிக்கவில்லை என்று சொல்லி அந்த 106 கோடி அபராதத்தை ரத்து செய்தது. கமிஷன் விடவில்லை. மிச்சமிருந்த குற்றச்சாட்டுகளுக்காக 2023ல் 37.6 கோடி யூரோ மறுபடி விதித்தது. இன்டெல் அதையும் எதிர்த்துக் கோர்ட் படி ஏறியது. நம்ம ஊர் நிலத்தகராறு தோற்றது போங்கள். நடுவில், 2009 நவம்பரிலேயே, இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்துத் தனியாகச் சமரசம் செய்துகொண்டிருந்தது.

பணம் வந்தது, சில்லு வரவில்லை. 2011ல் ஏ.எம்.டி. ரொம்ப நம்பிய 'புல்டோசர்' படுத்துவிட்டது. அடுத்த ஆறு வருஷம்தான் நம் கதையில் முக்கியமான கட்டம். எதிராளி இல்லாத மைதானம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேறெங்கும் போக வேண்டாம்.

கோர் என்பதை கேஸ் அடுப்பின் பர்னர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்னர் அதிகமானால் ஒரே நேரத்தில் அதிகச் சமையல். 2011 ஜனவரியில் வந்த 'கோர் ஐ7-2600கே'க்கு நாலு பர்னர், விலை 317 டாலர். ஆறு வருஷம் கழித்து, 2017 ஜனவரியில் வந்த 'ஐ7-7700கே'க்கு எத்தனை பர்னர்? அதே நாலு! விலை 339 டாலர். நடுவில் வந்த அத்தனை பேருக்கும் நாலுதான். தீ கொஞ்சம் பெரிசாக எரியும், கேஸ் கொஞ்சம் மிச்சமாகும். மற்றபடி ஸ்டிக்கர்தான் மாறியது. எட்டு பர்னர் வேண்டுமா? 2016ல் 'ஐ7-6900கே' இருந்தது. 1,089 டாலர். பத்து வேண்டுமா? 1,723 டாலர் எடுத்து வையுங்கள்.

அந்த நாட்களில் ரிச்சி தெருக் கடைக்காரர் ஒருவரிடம், "அண்ணே, பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மதர்போர்டும் சேர்த்து மாத்தணும், அதான் வித்தியாசம்" என்றார். அவரை இன்டெல் விளம்பரப் பிரிவில் போட்டால் ரெண்டே நாளில் கம்பெனியை மூடிவிடுவார்.

அப்போது ரெண்டு கம்பெனியின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 2015ல் இன்டெல் நூறு ரூபாய்க்கு விற்றால், தயாரிப்புச் செலவு போக 62 ரூபாய் மொத்த லாபம். ஏ.எம்.டி.க்கு 27தான். அந்த வருஷம் ஏ.எம்.டி.யின் பங்கு விலை ரெண்டு டாலருக்கும் கீழே விழுந்தது. தலைமை அலுவலக வளாகங்களில் ஒன்றை முன்னமே விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். இன்னும் ஒரு தோல்வி வந்திருந்தால் கடைக்குப் பூட்டு. நாமெல்லாம் இன்றைக்கும் நாலு பர்னருக்கு 339 டாலர் கொடுத்துக்கொண்டிருப்போம் என்பது என் அபிப்பிராயம்.

2017 மார்ச்சில் 'ரைசன்' வந்தது. எட்டு கோர். விலை 499 டாலர், எட்டிலேயே மலிவான ரகம் 329. இன்டெல் 1,089க்கு விற்ற எட்டு! ஆறு வருஷம் நாலில் நின்ற இன்டெல்லுக்கு ஏழே மாசத்தில் ஞானோதயம். அக்டோபரில் ஆறு கோர் 'ஐ7-8700கே', 359 டாலர். கூட இருபது டாலர்தான், ரெண்டு பர்னர் உபரி. அதுவரைக்கும் தொழில்நுட்பம் இல்லாமலா இருந்தது? தேவை இல்லாமல் இருந்தது.

உச்சகட்டம் 2019. இன்டெல்லின் 18 கோர் சில்லு ஒன்று 1,979 டாலர். அதற்குப் பதிலாக வந்த அடுத்த மாடல், அதே 18 கோர், 979 டாலர். ஆயிரம் டாலர் குறைப்பு! ஏ.எம்.டி. தன் 16 கோர் சில்லை 749க்கு வைத்தது காரணம்.

இனி அடுத்த காட்சி உங்களுக்கே தெரியும். 2020 நவம்பர். ஏ.எம்.டி. ஜெயித்துவிட்டது. 2019ல் ஆறு கோர் 'ரைசன் 3600' 199 டாலர். புது வரிசையில் ஆறு கோர் '5600எக்ஸ்' 299. அந்த 199 டாலர் நாற்காலியில் புது வரிசையில் யாரையுமே உட்கார வைக்கவில்லை. காலியாக விட்டார்கள், ஏறக்குறைய ஒன்றரை வருஷம். 2021 கடைசியில் இன்டெல் 12வது தலைமுறையோடு எழுந்தது. 2022 ஜனவரியில் ஆறு கோர் 'ஐ5-12400எஃப்' 167 டாலர் என்றது. ஏப்ரலில் ஏ.எம்.டி.க்கு அந்தக் காலி நாற்காலி ஞாபகம் வந்தது. '5600' என்று ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். 199 டாலர்!

என் நண்பர் ஒருவர் ஏ.எம்.டி. வெறியர். இன்டெல்லுக்கு அடி விழுந்தால் டீ வாங்கிக் கொடுப்பார். 2024 ஆகஸ்டில் இன்டெல் 15,000 பேரை வேலையை விட்டு அனுப்புவதாகவும், டிவிடெண்டை நிறுத்துவதாகவும் அறிவித்தபோது டீயோடு சமோசாவும் வந்தது. "காலி சார், அவங்க கதை முடிஞ்சுது!" நான் சமோசாவைச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க 2021ல 5600எக்ஸ் என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே இன்டெல்லில் பத்து சதவீத அளவுக்குப் பங்கு எடுத்தது. அடுத்த மாசம் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. இந்த முறை டீ வரவில்லை. நண்பர் அடுத்த கம்ப்யூட்டருக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார், எப்பத்தான் வாங்கறது?" என்று கேட்பீர்கள். ஜாதகம் பார்க்க வேண்டாம், எதிர்க்கடையைப் பாருங்கள். ஏ.எம்.டி. வாங்க ஆசையா? இன்டெல்லின் அடுத்த ரிலீஸ் தேதி என்ன என்று பாருங்கள். இன்டெல் என்றால் ஏ.எம்.டி.யின் தேதி. அந்தத் தேதிக்கு முந்தின வாரம் பணம் கட்டாதீர்கள், 2006ல் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போனால், கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தள்ள வேண்டிய அவசரத்தில் இருப்பார். 'இன்னிக்குத்தான் சார் இந்த விலை, நாளைக்கு ஏறிடும்' என்றால் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கடை ஏறுங்கள். தலைமாடலுக்குப் போகாதீர்கள். லாபத்தை அங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நிஜச் சண்டை நடப்பது 150லிருந்து 300 டாலருக்குள். அதோடு, மதர்போர்டு விலையையும் சேர்த்தே கேளுங்கள். பிராசஸரில் விட்டதை அங்கே பிடித்துவிடுவார்கள்.